எர்லாங்கனில் ஒரு வண்டுக்கு வைத்தியம்

எர்லாங்கன் ரயில் நிலையத்தை விட்டு வெளியே வந்தால் முதலில் கண்ணில் படுவது சைக்கிள்கள்தான். நூற்றுக்கணக்கில், ஒன்றில் ஒன்று சாய்ந்துகொண்டு நிற்கும். ஜேர்மனியின் தெற்கே பவேரியா மாநிலத்தில், நூர்ன்பெர்க்குக்கு வடக்கே, ரயிலில் இருபது நிமிடத் தூரத்தில் இருக்கிற ஊர். ஒரு லட்சத்துக்குக் கொஞ்சம் கூடுதலான சனம். 1743-இல் இருந்து இங்கே பல்கலைக்கழகம் இருக்கிறது, சீமென்ஸ் இருக்கிறது. 1972 முதல் 1996 வரை மேயராக இருந்த டீட்மார் ஹால்வெக் சைக்கிள் பாதை போடுவதை ஒரு கொள்கையாகவே எடுத்துச் செய்தவர். அதனால் இங்கே பேராசிரியரும் சைக்கிளில்தான், கிண்டர்கார்டன் பிள்ளையும் சைக்கிளில்தான்.

இப்படி ஒரு ஊரைப் பற்றி எழுத வந்து பழைய கார் ஒன்றைப் பற்றிப் பேசுவது கொஞ்சம் வேடிக்கைதான். ஆனால் போன வசந்த காலத்தில் எங்கள் குடும்பம் இந்த ஊரையும் சுற்றுவட்டாரத்தையும் ஒழுங்காகப் பார்த்தது அந்தக் காரால்தான். ஆகவே இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன். அப்பா அம்மாவின் பழைய சாமான் ஒன்று வீட்டில் நிற்க, வைத்திருப்பதா விற்பதா என்று யோசித்துக்கொண்டிருக்கிற என் வயதுக்காரருக்கு இது உதவலாம்.

அகதிகள் கட்டிய தெருக்கள்

எர்லாங்கனின் நடுப்பகுதியில் நடந்தால் ஒரு விஷயம் உடனே தெரியும். தெருக்கள் அளவுகோல் வைத்துக் கீறினது போல நேராக இருக்கும். வீடுகள் ஒரே உயரத்தில், ஒரே மாதிரி யன்னல்களோடு வரிசையாக நிற்கும். இது தற்செயல் இல்லை. 1685-இல் பிரான்ஸ் மன்னன் பதினான்காம் லூயி, புரட்டஸ்தாந்து மக்களுக்கு இருந்த பாதுகாப்பை ரத்துச் செய்தான். உயிருக்குப் பயந்து ஓடிய அந்த ஹியூகனொட் மக்களுக்காக, கிறிஸ்டியான் ஏர்ன்ஸ்ட் என்ற இந்தப் பகுதிச் சிற்றரசர் 1686-இல் பழைய எர்லாங்கனுக்குப் பக்கத்தில் ஒரு புது நகரத்தையே திட்டம் போட்டுக் கட்டினார். வந்தவர்கள் கையில் தொழில் இருந்தது. காலுறை பின்னுகிற தறி, கையுறை, தொப்பி. அந்தத் தொழில்கள்தான் பிறகு ஊரை வளர்த்தன. இன்றைக்கும் நடுச் சதுக்கத்தின் பெயர் ஹியூகனொட் சதுக்கம். பஸ் எல்லாம் அங்கேதான் வந்து நிற்கும்.

இந்தக் கதையை அப்பாவுக்குச் சொன்னால், "நாங்களும் அப்பிடித்தானே வந்தனாங்கள், எங்களுக்கு ஒருத்தரும் தெரு போட்டுத் தரேல்லை" என்பார், சிரித்துக்கொண்டு. அவர் 1985 தொடக்கத்தில் கிழக்கு பேர்லின் வழியாக வந்து, கடைசியில் சிர்ன்டோர்ஃப் முகாமில் கொண்டுபோய் விடப்பட்டவர். இங்கே இருந்து அரை மணித்தியாலத்தில் காரில் போய்விடலாம். அந்தக் காலத்தில் ஜேர்மனியின் அகதி விண்ணப்பங்களைப் பார்க்கிற மத்திய அலுவலகம் அங்கேதான் இருந்தது. என் பிள்ளைகளுக்கு அதே சிர்ன்டோர்ஃப் என்றால் பிளேமொபில் பொம்மைப் பூங்கா. ஊரின் பெயரைச் சொன்னதும் அப்பாவின் முகம் ஒரு மாதிரிப் போகும், பிள்ளைகள் துள்ளிக் குதிப்பார்கள்.

ஹியூகனொட்களைப் போல அப்பாவின் கையிலும் தொழில் இருந்தது. சுன்னாகத்தில் ஒரு கராஜில் பதினைந்து வயதில் வேலை பழகத் தொடங்கி, இருபத்தைந்தில் தனியாக வேலை எடுத்துச் செய்தவர். பெரும்பாலும் மொரிஸ் மைனரும் ஒஸ்ரினும். ஆனால் இங்கே அவருடைய தொழிலுக்குக் கடதாசி இல்லை. முதல் வேலை உணவகச் சமையலறையில். பிறகு தொழிற்சாலையில் முப்பது வருஷம். கார் திருத்துவது ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஆனது.

வண்டு

1989-இல் அவர் ஒரு பேக்கரிக்காரரிடம் இருந்து வாங்கியது 1977-ஆம் ஆண்டு ஃபோக்ஸ்வாகன். ஜேர்மன்காரர் அதைக் கேஃபர் என்பார்கள், வண்டு என்று அர்த்தம். எங்கள் வீட்டில் அதற்கு வேறு பெயரே இல்லை, வண்டுதான். ஜேர்மனியில் கூரை மூடிய கடைசி வண்டு 1978 ஜனவரியில் எம்டன் ஆலையில் இறங்கியது. மெக்சிகோவில் மட்டும் 2003 ஜூலை வரைக்கும் செய்தார்கள். மொத்தம் 2 கோடி 15 லட்சத்துக்கு மேல். நான் பள்ளிக்கூடம் போனது, தம்பி பிறந்து ஆஸ்பத்திரியில் இருந்து வீட்டுக்கு வந்தது, நாங்கள் முதல் தடவை கடல் பார்க்க இத்தாலிக்குப் போனது எல்லாம் அதில்தான்.

முதல் பதிவாகி முப்பது வருஷம் கடந்து, நல்ல நிலையில், அசல் உருவம் மாறாமல் இருக்கிற காருக்கு ஜேர்மனியில் எச் எழுத்துப் போட்ட இலக்கத்தகடு எடுக்கலாம். 1997-இல் வந்த ஏற்பாடு. காரின் வரி வருஷத்துக்கு 191 யூரோ சொச்சம் என்று ஒரே தொகை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை நடக்கிற பாதுகாப்புப் பரிசோதனையில் சலுகை இல்லை. நேற்று வாங்கின காரை எப்படிப் பார்ப்பார்களோ அப்படித்தான் அடித்தட்டில் இதையும் தட்டிப் பார்ப்பார்கள்.

போன மார்ச்சில் தட்டினார்கள். பரிசோதகர் வண்டியை லிஃப்டில் ஏற்றி, சின்னச் சுத்தியல் ஒன்றால் முன்பக்கம் மெல்லத் தட்டிக்கொண்டு போனார். டங், டங், டங். ஒரு இடத்தில் சத்தம் மாறியது. ஈரமான மரத்தைத் தட்டினது மாதிரி. அவர் திருகாணி முடுக்கியின் முனையை வைத்து அமத்த, அது உள்ளே போய்விட்டது. அறிக்கையில் எழுதினார்: தாங்குகிற பாகத்தில் கறள் ஓட்டை. ஒரு மாதத்துக்குள் திருத்திக் கொண்டுவந்தால் அந்த இடத்தை மட்டும் பார்ப்பார்கள். அதைத் தாண்டினால் முழுப் பரிசோதனையும் முதலில் இருந்து.

ராமன் தலை

எந்த இடம் என்று விளக்க வேண்டும். சாதாரணக் கார்களின் முன் சில்லுக்கு மேலே சுருள் ஸ்பிரிங் இருக்கும். எங்கள் வண்டில் அது இல்லை. முன்பக்கத்தில் குறுக்காக, ஒன்றுக்கு மேல் ஒன்றாக இரண்டு இரும்புக் குழாய்கள் இருக்கின்றன. ஒவ்வொரு குழாய்க்குள்ளும் மெல்லிய உருக்குத் தகடுகள் ஒரு கட்டாக அடுக்கப்பட்டிருக்கும். நடுவில் அவை இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். இரண்டு முனையிலும் சில்லைத் தாங்குகிற கைகள் இருக்கும். சில்லு மேடு பள்ளத்தில் ஏறி இறங்கும்போது அந்தத் தகட்டுக் கட்டு முறுகிக் கொடுத்து, திரும்ப நிமிரும். துணியைப் பிழிவது போல என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முன்னச்சு முழுவதும் நாலே நாலு பெரிய போல்ட்களால் வண்டியோடு பிடித்திருக்கிறது. அது வந்து பிடிக்கிற இரும்புப் பெட்டிக்கு ஜேர்மன் மொழியில் ராமன்கொப்ஃப் என்று பெயர். சட்டத்தின் தலை என்று அர்த்தம். வண்டியின் நடு முதுகெலும்பு மாதிரி ஓடுகிற சுரங்கக் குழாயின் முன்நுனி அதுதான். கொப்ஃப் என்றால் தலை. என்னுடைய பன்னிரண்டு வயது மகள் இரண்டு மொழியையும் கலந்து, "ராமன்ட தலையா? அப்ப ராவணன்ட கார் எண்டால் பத்துத் தலை இருக்குமா?" என்று கேட்டாள். அன்றில் இருந்து வீட்டில் அதற்கு ராமன் தலை என்றே பெயர்.

அந்தத் தலையின் அடிப்பக்கம் ரோட்டைப் பார்த்தபடி இருக்கும். முன் ரயர்கள் வாரியடிக்கிற தண்ணீரும் சேறும் அங்கேதான் போய் ஒட்டும். ஜேர்மன் குளிர்காலத்தில் ரோட்டில் கொட்டுகிற உப்பும் அதோடு சேரும். தொண்ணூறுகளில் அப்பா அதிகாலை வேலைக்கு இந்தக் காரில்தான் போய் வந்தார், பனியிலும். பாகம் பெட்டி மாதிரி இருப்பதால் உள்ளே போன ஈரம் லேசில் வெளியே வராது. வெளியே கறுப்புப் பூச்சு அழகாக இருக்க, உள்ளே இருந்து கறள் தின்றுகொண்டு வரும். அந்த இடம் விட்டுப்போனால் என்ன நடக்கும்? பிறேக் பிடிக்கிற நேரத்தில், வளைகிற நேரத்தில், முழுப் பாரமும் முன்னச்சில்தான் வரும். அச்சு இடம் பெயர்ந்தால் ஸ்டியரிங்கால் ஒன்றும் செய்ய இயலாது. பின் சீட்டில் இருப்பது என் பிள்ளைகள்.

லண்டனில் இருக்கிற தம்பி அன்றிரவே சொன்னான்: "வித்துப் போடுங்கோ. அப்பாவுக்கும் அறுபத்தெட்டாகுது." என் கணவர் விலை பார்த்தார். இருக்கிற நிலையிலேயே எடுப்பதற்கு ஆட்கள் இருந்தார்கள். நான் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அவர் ஒன்றும் பேசாமல் அறிக்கையைத் திரும்பத் திரும்ப வாசித்துக்கொண்டிருந்தார்.

ஒட்டு

எங்களை மாதிரி இங்கே வளர்ந்தவர்களுக்கு ஊர்க் கார்கள் என்றால் ஒரு வீரக்கதை. 1990-இல் தொடங்கிய பொருளாதாரத் தடைக் காலத்தில் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை, உதிரிப்பாகம் இல்லை. கொஞ்சம் பெற்றோலைக் காட்டி எஞ்சினை எழுப்பி, பிறகு மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். மண்ணெண்ணெய்ப் புகையோடு ஓடிய மொரிஸ் மைனரையும் ஒஸ்ரின் கேம்பிரிட்ஜையும் பார்த்தவர்கள் இதை வாசிக்கிறவர்களிலும் இருப்பீர்கள். பிரித்தானியாவில் 1948-இல் அறிமுகமாகி எழுபதுகளின் தொடக்கத்தோடு உற்பத்தி நின்றுபோன மொரிஸ் மைனர், இலங்கையில் அதற்குப் பிறகும் பல பத்தாண்டுகள் குடும்பத்தைக் காப்பாற்றியது. தெற்கில் ஒரு பட்டறையில் அதற்குரிய தகடுகளைச் செய்து இங்கிலாந்துக்கே ஏற்றுமதி பண்ணினார்கள்.

அப்படிக் கதைகள் கேட்டு வளர்ந்த என் மகள் கேட்டாள்: "அம்மப்பா, ஊரில செய்த மாதிரி ஒரு தகடு வச்சு ஒட்டிவிட்டால் என்ன?"

அப்பா கண்ணாடியைக் கழற்றி வைத்தார். "மட்கார்டில ஒட்டுப் போடலாம், பிள்ளை. கதவில போடலாம். அடித்தட்டிலயும் பாத்துப் போடலாம். அச்சு வந்து பிடிக்கிற இடத்தில ஒட்டுப் போடேலாது. ஊரிலயும் நாங்கள் போட்டதில்லை."

பிறகு ஒரு கதை சொன்னார். நான் கேட்டிராத கதை. அவருடைய தம்பி, என் சித்தப்பா, ஊரிலேயே இருந்து மொரிஸ் மைனர் ஒன்றை ஹயருக்கு ஓட்டியவர். மொரிஸ் மைனரிலும் முன்பக்கம் சுருள் ஸ்பிரிங் இல்லை. வண்டியின் நீளத்துக்கு ஓடுகிற முறுக்குக் கம்பிகள்தான். சில்லைத் தாங்குகிற கீழ்க் கை சட்டத்தில் வந்து மாட்டுகிற இடத்தைக் கறள் தின்றுவிட்டது. தொண்ணூறுகளின் நடுவில். வெல்டிங் பிடிக்கக் காஸ் இல்லை, நல்ல தகடு இல்லை. சித்தப்பா காரை முற்றத்து மாமரத்துக்குக் கீழே நிறுத்திவிட்டார். வீட்டின் ஒரே வருமானம் அது. பல மாதம் சைக்கிளில் விறகு கட்டி விற்றார். கடைசியில், பின்பக்கம் நசுங்கிப்போன இன்னொரு மைனர் கிடைத்தது. அதன் முன் சட்டத் துண்டை முழுசாக வெட்டியெடுத்து, கறள் இல்லாத இரும்போடு கறள் இல்லாத இரும்பை வைத்து ஒட்டித்தான் திரும்ப ரோட்டுக்கு எடுத்தார்.

"வேற வழியில்லாத நேரத்திலயே அவன் அதில ஒட்டுப் போடேல்லை. இஞ்ச எல்லாம் கிடைக்குது. இஞ்ச நான் போடுறதா?" என்றார் அப்பா. சமாளிக்கிற கெட்டித்தனத்தைப் பற்றியே நாங்கள் கேட்டு வளர்ந்தோம். எங்கே சமாளிக்கக் கூடாது என்று தெரிந்திருந்ததும் அதே கெட்டித்தனத்தின் பகுதி என்பதை அவர் அன்றைக்குத்தான் வாய்விட்டுச் சொன்னார். விற்கிற பேச்சு அத்தோடு நின்றது. நிலை தெரிந்தும் அதை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்க அவர் தயாராக இல்லை.

மேஸ்திரியும் மைஸ்டரும்

எர்லாங்கனுக்கு மேற்கே குளங்களும் வயல்களும். அந்தக் குளங்களில் வளர்க்கிற கெண்டை மீனை இலையுதிர் காலத்தில் பொரித்துக் கொடுப்பார்கள், முள் பார்த்துச் சாப்பிட வேண்டும். அந்தப் பக்கத்துக் கிராமம் ஒன்றில், பென்ஷன் எடுத்த ஒரு கார் உடல் வேலைக்காரர் இருக்கிறார். அப்பாவுடன் தொழிற்சாலையில் வேலை செய்தவருடைய அண்ணன். ஜேர்மனியில் ஒரு தொழிலில் உச்சத் தேர்வு எழுதித் தேறினவரை மைஸ்டர் என்பார்கள். எங்கள் மேஸ்திரி என்ற சொல் போர்த்துக்கேயர் வழியாக வந்தது. இரண்டுக்கும் மூலம் ஒரே லத்தீன் சொல்தான். அப்பா முதல் நாளே அவரை மேஸ்திரி என்று கூப்பிட, அவரும் சரி என்று திரும்பிப் பார்த்தார்.

நாலு வார இறுதிகள். மகளும் நானும் கூடப் போனோம். சின்னவனுக்குக் கோழிகள் இருந்தன, அவன் அங்கே.

முதல் நாள் முழுக்க வெல்டிங் இல்லை. ஆபத்தை அகற்றுகிற வேலை. இந்த வண்டில் எஞ்சின் பின்னாலே, பெற்றோல் தாங்கி முன்னாலே, சரியாக ராமன் தலைக்கு மேலே இருக்கிறது. தாங்கியில் இருந்து எஞ்சினுக்குப் போகிற குழாய் நடுச் சுரங்கத்துக்குள் ஓடுகிறது. அதை மறந்து நெருப்பு வைத்தால் பட்டறையே போய்விடும். தாங்கியை இறக்கி, குழாயைக் காலியாக்கிக் காற்றடித்து, பற்றரியைக் கழற்றினார்கள். பிறகு சில்லு, பிறேக் குழாய், ஸ்டியரிங் தடிகள். வேகமானியின் கேபிள் இடதுபக்க முன் சில்லின் நடுவில் இருந்து வருகிறது என்று கண்டபோது மகளுக்கு ஒரே அதிசயம். அதன் பிறகு நாலு போல்ட். இருவரும் அச்சைப் பிடித்து மெல்லத் தரைக்கு இறக்கினார்கள்.

குழாயின் முனைகளில் ஊசி ஊசியாக உருளைகள் அடுக்கிய பெயரிங் இருந்தது. மேஸ்திரி அதைத் துடைத்து மகளின் கையில் வைத்து, ஜன்னல் பக்கம் கையைக் காட்டினார். பக்கத்து ஊரான ஹெர்ட்சோகென்ஔராக்கில்தான், 1949-இல் கேயோர்க் ஷெஃப்லர், இந்த ஊசி உருளைகள் கோணாமல் நிற்க ஒரு கூடு செய்கிற யோசனையைக் கண்டுபிடித்தார். அடிடாஸும் பூமாவும் பிறந்த அதே ஊர். பிள்ளைகள் அதுவரைக்கும் அதைச் சப்பாத்து ஊர் என்று மட்டும்தான் அறிந்திருந்தார்கள்.

இரண்டாவது வாரம் வெட்டினார்கள். அடித்தகட்டை மட்டும் மாற்றலாம் என்று நினைத்துத் தொடங்கிய வேலை. வெட்டி விளக்கு அடித்துப் பார்த்தபோது கறள் மேலேயும் ஏறியிருந்தது. மேஸ்திரி அப்பாவைப் பார்த்தார், அப்பா தலையை ஆட்டினார். முழுத் தலையும் மாற்ற வேண்டும். புதிதாகச் செய்த முழுப் பாகம் சில நூறு யூரோவுக்குக் கிடைக்கிறது. ஆனால் வர நாலு நாள், இருப்பது இரண்டு வார இறுதி. காரின் உடலை அடித்தட்டோடு பிடித்திருக்கிற போல்ட்களைக் கழற்றி, முன்பக்கத்தைக் கொஞ்சம் உயர்த்தவும் வேண்டும். அப்பாவின் முழங்கால் சரியில்லை. நான் லீவு போட்டேன்.

மகளுக்கு உண்மையான வேலை கிடைத்தது இங்கேதான். பழைய தலையை முழுசாக வெட்டி எடுத்தால், புதியதை எந்த இடத்தில் வைப்பது? ஒரு பக்கம் சில மில்லிமீற்றர் தள்ளிப்போனாலும் வண்டி வாழ்நாள் முழுக்க ஒரு பக்கம் இழுக்கும். அதனால் வெட்டுவதற்கு முன்னாலேயே அளவு எடுக்க வேண்டும். முன் போல்ட் துவாரங்களில் இருந்து பின்பக்கத்தில் அசையாத இரண்டு புள்ளிகளுக்கு நேராகவும் குறுக்காகவும். இடது முன்னில் இருந்து வலது பின்னுக்கு, வலது முன்னில் இருந்து இடது பின்னுக்கு. இரண்டு குறுக்களவும் ஒன்றாக இருந்தால் சதுரம் சரி. அவள் டியாகொனாலெ என்றாள். அப்பா "மூலைவிட்டம்" என்றார். எட்டாம் வகுப்பில் படித்த கேத்திரகணிதம் ஐம்பது வருஷத்துக்குப் பிறகு அவர் வாயில் வந்தது. அவள் அந்த வார்த்தையைக் கொப்பியில் தமிழில் எழுதி, பக்கத்தில் இலக்கங்களை எழுதினாள். துவாரங்களின் இடம் அசையாமல் இருக்க ஒரு இரும்புச் சட்டமும் செய்து பூட்டினார்கள்.

வெல்டிங்கை ஒரே இழுப்பில் செய்வதில்லை. ஒரு பக்கம் இரண்டு மூன்று சென்ரிமீற்றர், பிறகு எதிர்ப்பக்கம், பிறகு நடு. ஒரே இடத்தில் சூடு கூடினால் இரும்பு இழுபட்டு அளவு மாறும். ஆனால் முடிவில் விளிம்பு முழுவதும் விடுபடாமல் ஒட்டியிருக்க வேண்டும், புள்ளி புள்ளியாக விட்டால் பரிசோதகர் ஏற்கமாட்டார். அப்பாவுக்குக் கை கொஞ்சம் நடுங்கும். அவர் முகமூடியைப் போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்து, "இப்ப அந்தப் பக்கம்... போதும், ஆறட்டும்" என்று சொல்லச் சொல்ல மேஸ்திரி செய்தார். முடிந்ததும் மகள் திரும்ப அளந்தாள். இரண்டு மூலைவிட்டத்துக்கும் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசம்.

வசந்தத்தில் எர்லாங்கன்

ஒரு மாதம் முடிய இரண்டு நாள் இருக்கும்போது மறுபரிசோதனை. அதே பரிசோதகர், அதே சுத்தியல். டங், டங், டங், கடைசி வரைக்கும் ஒரே சத்தம். வெல்டிங் கோட்டை விளக்கு அடித்துப் பார்த்து, யார் செய்தது என்று கேட்டார். அப்பா மேஸ்திரியைக் கைகாட்டினார், மேஸ்திரி அப்பாவைக் கைகாட்டினார். புது வட்ட ஸ்டிக்கரை மகள் தட்டில் ஒட்ட அனுமதிக்கவில்லை. அது அவர்கள்தான் ஒட்ட வேண்டும்.

முதல் ஓட்டம் மோஹ்ரன்டோர்ஃபுக்கு. எர்லாங்கனுக்கு வடக்கே, ரெக்னிட்ஸ் ஆற்றில், பெரிய மரத் தண்ணீர்ச் சில்லுகள் இன்னும் சுற்றுகிற கிராமம். ஆறு சில்லைச் சுற்ற, சில்லில் கட்டிய பெட்டிகள் தண்ணீரை அள்ளி மேலே வாய்க்காலில் ஊற்றும். பல நூற்றாண்டுப் பழமையான வயல் பாசனம். மே முதல் செப்டெம்பர் வரைக்கும்தான் சுற்றும். குளிர்காலத்தில் கழற்றி வைத்து, அடுத்த வருஷம் உக்கிய பலகையை மாற்றிப் பூட்டுவார்கள். அப்பா வெகுநேரம் அதைப் பார்த்துவிட்டு, ஊர்க் கிணற்றுத் துலாவைப் பற்றிப் பேரப்பிள்ளைகளுக்குச் சொன்னார். அவர்களுக்கு துலா என்ற சொல்லே புதிது. நல்லகாலம், அளக்கிற கொப்பி காரில் இருந்தது. படம் கீறிக் காட்டினார்.

உங்கள் வீட்டிலும் இப்படி ஒரு வண்டி இருந்தால், அப்பா சொல்லச் சொல்ல நான் எழுதியது இது. பரிசோதனைக்கு ஒரு மாதம் முந்தியே, முன்னச்சு பிடிக்கிற இடத்தைத் தட்டிப் பாருங்கள். புதிதாகக் கறுப்புப் பூச்சு அடித்த பழைய கார் விற்பனைக்கு வந்தால், அந்தப் பூச்சுக்குக் கீழே என்ன என்று கேளுங்கள். தாங்குகிற பாகத்தை வெல்டிங் செய்ய, அது தெரிந்தவரைத் தவிர வேறு ஆளைப் பிடிக்காதீர்கள். மறுபரிசோதனை முடியும்வரைக்கும் வெல்டிங் கோட்டை மூடிப் பூசாதீர்கள், பரிசோதகருக்கு அது தெரிய வேண்டும். மெல்லிய துருத்தடுப்புப் பூச்சு போதும். பிறகு பெட்டிக்குள் மெழுகு அடித்து விடுங்கள், சில வருஷத்துக்கு ஒருமுறை திரும்ப அடியுங்கள். அச்சைத் திரும்பப் பூட்டினால் பிறேக்கில் காற்று எடுத்து, சில்லு நேர் பார்த்துவிட்டு ஓடுங்கள். முடிந்தால் குளிர்காலத்தில் உப்பு ரோட்டுக்கு எடுக்காதீர்கள். எங்கள் வண்டு இப்போது நவம்பரில் இருந்து மார்ச் வரைக்கும் நித்திரை.

எர்லாங்கனுக்கு வர நினைத்தால் மே மாதம் நல்லது. பெந்தெகொஸ்தே விடுமுறையை ஒட்டிப் பன்னிரண்டு நாள் நடக்கிற பெர்க் திருவிழா 1755-இல் இருந்து நடக்கிறது. மலையடிவாரத்து மரங்களுக்குக் கீழே வாங்கில் இருந்து சாப்பிடலாம், பிள்ளைகளுக்கு ராட்டினம். மின்தடையின் அலகுக்குப் பெயர் கொடுத்த கேயோர்க் சீமோன் ஓம் 1789-இல் பிறந்தது இந்த ஊரில்தான். அவருடைய அப்பா பூட்டுச் செய்கிற கொல்லர், தானாகப் படித்து, பிள்ளைகளுக்கும் தானே கணக்குச் சொல்லிக்கொடுத்தவர். எட்டாம் வகுப்புப் பௌதிகம் படிக்கிற பிள்ளை இருந்தால் அந்தக் கதையைச் சொல்லுங்கள். 1882-இல் கணித மேதை எம்மி நோய்தர் பிறந்ததும் இங்கேதான். நூர்ன்பெர்க்கில் இருந்து எஸ்-பான் எடுத்து வந்து, ஹியூகனொட் சதுக்கத்தில் தொடங்கி, அரண்மனைத் தோட்டம் வரைக்கும் நடந்தால் ஒரு மத்தியானம் போதும். மோஹ்ரன்டோர்ஃபுக்கு ஆற்றோரமாகச் சைக்கிளில் போகலாம், காரே தேவையில்லை.